பிரிக்காத ஸ்வீட் பாக்ஸ்

அன்புள்ள செழியா,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். தீபாவளிக்குக் காண்ட்ராக்டர் வைத்துவிட்டுப் போன ஸ்வீட் பாக்ஸ் அப்படியே இருக்கிறது என்றாய். "பிரிச்சாத்தானேம்மா உள்ள என்ன இருக்குன்னு தெரியும்" என்றும் சொன்னாய். அந்த வார்த்தை மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

லண்டன் பெருந்தீ பாடம் நடத்தும்போதெல்லாம், அதை நேரில் பார்த்து எழுதிய சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பைப் பற்றி வகுப்பில் சொல்வேன். 1660-ல் அவருக்குக் கடற்படை அலுவலகத்தில் செயலர் பதவி கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 350 பவுண்டு. அதில் 100 பவுண்டை, முன்பு அந்தப் பதவியில் இருந்தவருக்கு அவர் ஆயுள் உள்ளவரை வருஷா வருஷம் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பதவியும் ஒரு சொத்துதான். சம்பளத்தால் யாரும் பணக்காரனாவதில்லை, பதவியில் இருக்கும்போது வரும் வாய்ப்பால்தான் ஆகிறான் என்று, வேலை வாங்கிக் கொடுத்த சொந்தக்காரப் பிரபுவே அவரிடம் சொன்னாராம்.

1663 ஏப்ரலில் ஒரு கேப்டன் அவரிடம் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். கப்பல்களை வாடகைக்கு அமர்த்தும் வேலையை பீப்ஸ் வாங்கிக் கொடுத்ததற்கு நன்றிக்கடன். உள்ளே பணம் என்று பீப்ஸுக்குப் புரிந்துவிட்டது. அலுவலகத்துக்கு வந்து பிரித்தார். காசெல்லாம் வெளியே விழும்வரை காகிதத்துக்குள் பார்க்கவே இல்லை. நாளை யாராவது விசாரித்தால் 'காகிதத்தில் பணத்தைப் பார்க்கவில்லை' என்று சொல்லலாம் அல்லவா? ஒரு தங்கக் காசு, 4 பவுண்டுக்கு வெள்ளி. மறு வருஷம் மர வியாபாரி ஒருவர் அவர் மனைவிக்கென்று கையுறை கொடுத்தார். பொட்டலம் கெட்டியாக இருந்தது. வீட்டில் மனைவி அந்த அறையைவிட்டுப் போகும்வரை தவித்துப்போய்விட்டார். கையுறையோடு 40 தங்கக் காசு இருந்தது.

இத்தனைக்கும் அவர் நல்ல உழைப்பாளி. யாரும் ஏமாற்றிவிடக்கூடாது என்று மரம் அளக்கவும் கயிற்றின் தரம் பார்க்கவும் தேடிப் போய்க் கற்றுக்கொண்டவர். எனக்கு வலிப்பதே அதுதான், உன்னைப் போலவே இருக்கிறார்.

1666 ஜூலையில் அதே அலுவலக முற்றத்தில் முந்நூறு பெண்களுக்கு மேல் கூடினார்கள். போரில் பிடிபட்டு ஹாலந்தில் சிறைப்பட்டுக் கிடந்த மாலுமிக் கணவன்மாருக்காகப் பணம் கேட்டுக் கத்தினார்கள், சபித்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கான மான்கறிப் பண்டத்தைச் சுட்டுவரக் கொடுத்தனுப்பக்கூட அவருக்குப் பயம். கஜானாவே காலியாகத்தான் இருந்தது. எல்லாம் இவர் வாங்கியதால் வந்த வினை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த முற்றத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

அப்பா போன பிறகு குடும்ப பென்ஷனுக்கு அலைந்தேனே, அப்போது ஒருவர் மேசை டிராயரைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கவரைப் போட்டேன். டிராயர் மூடிய சத்தம் கேட்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். உனக்கு அப்போது செமஸ்டர் பரீட்சை. சொல்லவில்லை.

பாக்ஸைப் பிரிக்காதே. நாளைக்கே, ஆபீஸில் நாலு பேர் பார்க்கத் திருப்பிக் கொடுத்துவிடு ராஜா. அதிரசமும் கைமுறுக்கும் கூரியரில் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை வந்துவிடும்.

அன்புடன்,
அம்மா