செயற்கைக் காலின் சாக்கெட்டை மாற்றித் தரக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
ஏரிக்கரைத் தெரு தையல்காரர்
(பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் இணைப்பில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்

பொருள்: வலது செயற்கைக் காலுக்குப் புதிதாக அளவெடுத்து சாக்கெட் (எடுத்தது போக மிஞ்சிய கால் நுழையும் கிண்ணம் போன்ற மேல் பகுதி) மட்டும் மாற்றித் தர வேண்டுதல்.

பார்வை: மாசி, வைகாசி, ஆவணி மாதங்களில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் கொடுத்த மூன்று மனுக்கள் (ரசீது நகல்கள் இணைப்பு).

ஐயா,

வணக்கம். எங்கள் தெரு தங்களுக்குத் தெரியும். போன வருடம் முகாம் நடந்த கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், பால் சொசைட்டியை ஒட்டி இறங்கும் தெரு. அந்த முகாமில்தான் தங்கள் கையால் எனக்குக் கால் கொடுத்தீர்கள். மோட்டார் வைத்த தையல் மெஷினும் தங்கள் அலுவலகம் கொடுத்ததுதான். அந்த நன்றி எனக்கும் என் குடும்பத்துக்கும் என்றும் உண்டு.

1. சர்க்கரை நோயால் போன வருடம் சித்திரையில் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடையாள அட்டையில் ஊனம் 70 சதவீதம்.

2. ஐப்பசி முகாமில் கொடுத்த கால் நல்ல கால்தான். பாதம் சரியாக இருக்கிறது, குழாயும் சரியாக இருக்கிறது. சாக்கெட் மட்டும்தான் பொருந்தவில்லை. காலை எடுத்தபின் மிச்சக் கால் முதல் வருடத்தில் வீக்கம் வற்றி இளைக்கும், இது எல்லாருக்கும் நடப்பது என்று டாக்டரே சொன்னார். நான் டேப்பும் கையுமாக இருக்கிறவன், அதனால் அளவு நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். கால் வாங்கிய அன்று சுற்றளவு பதின்மூன்றரை அங்குலம். தை மாதம் பன்னிரண்டே முக்கால். இன்றைக்குப் பதினொன்றே முக்கால். அந்தப் பக்கத்தின் நகலையும் வைத்திருக்கிறேன், ஐயா பார்க்க வேண்டும்.

3. இந்தத் தளர்ச்சியால் நான் படுகிற பாட்டைச் சொல்ல வேண்டும். சாக்கெட்டுக்குள் இறுக்கமாக இருக்க மிச்சக் காலில் முதலில் ஒரு துணி உறை போட்டேன், அப்புறம் மூன்று, இப்போது ஏழு. அதற்கும் மேலே பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுகிறேன். அப்படியும் நாலு எட்டு வைத்தால் கால் உள்ளே இறங்கி, எலும்பு முனை அடியில் போய் இடிக்கிறது. தூக்கினால் சாக்கெட் கழன்று தொங்குகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி முன் எலும்பின் மேல் தோல் உரிந்து ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். சர்க்கரை உடம்பு என்பதால் வலியும் சரியாகத் தெரிவதில்லை. சாயங்காலம் உறையைக் கழற்றும்போது ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தால்தான் தெரிகிறது. வலித்தாலாவது அங்கேயே நின்றிருப்பேன். ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் புண் ஆறும்வரை காலை மாட்டாதே என்கிறார். மாட்டாவிட்டால் கக்கத்தில் கட்டை. கட்டை பிடித்தால் இரண்டு கையும் போச்சு. வெட்டிய துணியை மேஜையிலிருந்து மெஷினுக்கு எடுத்துப் போக முடியாது. ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட நானே எடுத்து வர முடியாது, பத்தாவது படிக்கிற என் மகள் எடுத்துத் தர வேண்டும். காலையில் அவள் பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் நான் கக்கூஸ் வாசலில் நின்று அவளைக் கூப்பிடுகிறேன். வளர்ந்த பெண்ணைத் தோள் கொடுக்கச் சொல்லி நிற்பது தகப்பனுக்கு எப்படி இருக்கும்? ஐயாவுக்கும் பிள்ளைகள் இருக்கும்.

போன வாரம் மழையில் பால் சொசைட்டி இறக்கத்தில் கட்டை வழுக்கி விழுந்தேன். இப்போது உடம்பு பாரம் முழுக்க இடது காலில். அந்தக் குதிகாலிலும் வெடிப்பு விட்டிருக்கிறது. அது போனால் நான் என்ன செய்வேன்? வலது புண் ஆழமாகி எலும்புக்குப் போனால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழங்கால் இருக்கிறவன் நடப்பதற்கும் இல்லாதவன் நடப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இந்த வேலையில் இருக்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் முழங்கால் இன்னும் நன்றாக இருக்கிறது ஐயா. அதைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன்.

4. ஒரு முறை கால் வாங்கினால் அடுத்தது மூன்று வருடம் கழித்துத்தான் என்று தங்கள் அலுவலகத்தில் வாயால் சொன்னார்கள். எழுத்தில் ஒரு வரி பதில் இல்லை. விதி இருக்கட்டும். நான் புதுக் கால் கேட்கவில்லையே! மூன்று மனுவிலும் சாக்கெட், சாக்கெட் என்றுதானே எழுதியிருக்கிறேன்? அதை யாராவது படித்தார்களா? கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை ஆறு மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று ஒரு பெண் வந்தால், மூன்று வருடம் கழித்து வா என்று நான் சொல்வேனா? இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து அன்றைக்கே கொடுத்தனுப்புகிறேன். அதற்குக் காசுகூட வாங்குவதில்லை. உடம்பு இளைக்கும் என்று தெரிந்தே கால் கொடுக்கிறவர்கள், இளைத்தபின் வா, சரிசெய்து தருகிறோம் என்று ஒரு தேதி போட்டுக் கொடுக்கக் கூடாதா? முகாமில் என்னோடு கால் வாங்கிய மூன்று பேரை எனக்குத் தெரியும். ஒருவர் காலைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறார். இன்னொருவர் வீட்டில் அது பரணில் கிடக்கிறது. கணக்கில் அவர்கள் எல்லாம் நடக்கிறவர்கள்!

கோபத்தில் எழுதியிருந்தால் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பஸ் மாறி வந்து, தங்கள் அலுவலகத்துச் சாய்தளத்தில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களைத் தாண்ட முடியாமல் படியேறி, மூன்று முறை ரசீதோடு திரும்பியவன் நான்.

5. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் 27-ஆவது பிரிவு மறுவாழ்வைப் பற்றியது. எனக்கு மறுவாழ்வு என்பது இந்த சாக்கெட்தான்.

மாவுக்கட்டு வைத்து அச்சு எடுக்க ஒரு நாள் சொல்லுங்கள். இங்கே வசதி இல்லையென்றால் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுங்கள், கடன் வாங்கியாவது போய்வருகிறேன். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள். புதுக் கால் வேண்டாம் ஐயா, சாக்கெட் மட்டும் போதும். புண் ஆழமாவதற்குள் அளவெடுக்கச் சொல்லுங்கள். கையெடுத்துக் கேட்கிறேன்.

வரும் திங்கட்கிழமையும் வருவேன். காலையும் கையில் எடுத்து வருகிறேன், தாங்களே பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைத் தெரு தையல்காரர்

இணைப்பு: மனு ரசீதுகள் 3, அளவு நோட்டுப் பக்கம், அடையாள அட்டை, புண்ணின் போட்டோ 2.