பூட்டு மாட்டக் கூலி எவ்வளவு என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"ஒரு பூட்டு மாட்ட எவ்வளவு வாங்கலாம், மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள்" என்று கேட்டிருந்தாய். மற்றவர்கள் வாங்குவதை விசாரித்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் எந்தக் கதவில், எந்தப் பூட்டை, யார் வாங்கிக் கொடுத்து மாட்டினார்கள் என்று தெரியாமல் தொகையை மட்டும் தெரிந்துகொண்டு என்ன செய்வது? ஒரே பூட்டு ஒரு கதவில் அரை மணி வேலை, இன்னொரு கதவில் அரை நாள். பூட்டைப் பார்த்துக் கூலி சொல்லாதே, கதவைப் பார்த்துச் சொல்.

பூட்டுக்கு உள்ளே இருப்பதில் நமக்கு அவ்வளவு வேலை இல்லை. 1860களில் லைனஸ் யேல் ஜூனியர் காப்புரிமை வாங்கிய பின்-டம்ளர் சிலிண்டர்தான் (சாவி நுழைந்து, உள்ளே இருக்கும் சிறு ஊசிகளைத் தூக்கித் திருப்பும் உருளை) இன்றைக்கும் பல வீட்டுக் கதவுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் கம்பெனிக்காரன் செய்து, சோதித்து, பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறான். கதவும் நிலையும் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். வாடிக்கையாளர் உன்னைக் கூப்பிடுவதே அதற்காகத்தான்.

நைட் லாட்ச் மாதிரி கதவின் மேலேயே வைத்து ஸ்க்ரூ அடிக்கும் பூட்டு எளிது. சிலிண்டருக்கு ஒரு துளை, நிலையில் அதன் ஜோடியைப் பொருத்துவது, அவ்வளவுதான். குமிழ் பூட்டுக்குக் கதவின் முகத்தில் 54 மி.மீ. துளை, ஓரத்தில் 25 மி.மீ. துளை. ஜிக் (துளை சரியான இடத்தில் விழ வழிகாட்டும் சட்டம்) வைத்திருந்தால் புதுக் கதவில் அதுவும் பெரிய பாடில்லை. பழைய கதவில்தான் சிக்கல் வரும். முன்பு இருந்த பூட்டின் துளை ஓரத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி இருக்கும், வாங்கி வந்த பூட்டு 70 மி.மீ.க்குச் செய்ததாக இருக்கும். இருக்கிற துளையைப் பத்து மி.மீ. நகர்த்த முடியாது. ஒட்டுப் போட்டு, காயவிட்டு, திரும்பத் துளைக்க வேண்டும். இதைப் புதுத் துளை போடும் கூலிக்கே ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் புரிவதே இல்லை.

கதவின் ஓரத்தில் குழி வெட்டி உள்ளே இறக்கும் மார்டைஸ் பூட்டு வேறு கணக்கு. கதவு 35 மி.மீ. கனம், பூட்டின் பெட்டி 15 மி.மீ. என்று வை. குழி நடுவில் சரியாக இறங்கினால் இரண்டு பக்கமும் 10 மி.மீ. மரம் மிஞ்சும். கொஞ்சம் கோணலாகப் போனால் ஒரு பக்கம் மரம் மெலிந்துவிடும். கைப்பிடியை ஆறு மாதம் இழுத்தால் அங்கேதான் விரிசல் விடும். அது தேக்குக் கதவாக இருந்துவிட்டால் மாற்றுக் கதவின் விலையை யோசித்துப் பார். உன் கூலியில் உளி பிடிக்கும் நேரம் மட்டும் இருந்தால் போதாது, அந்தக் கதவுக்கு நீ பொறுப்பேற்பதற்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். விலை கூடிய கதவில் அதே வேலைக்குக் கூடுதலாகக் கேட்பது அநியாயம் இல்லை. ரிஸ்க் உன்னுடையது.

ஃபிளஷ் கதவு (இரண்டு பக்கமும் தட்டையான பலகை ஒட்டிய கதவு) என்றால் பூட்டு மாட்டுவதற்கென்று உள்ளே கட்டை வைத்திருக்கிறார்களா, எந்தப் பக்கம், எந்த உயரத்தில் என்று முதலில் கேட்டுக்கொள். கட்டை இல்லாத இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது, பூட்டு கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கும். இரும்புக் கதவில் தப்பான துளையை மறைப்பது கஷ்டம், துளை போடும் பிட்டும் சீக்கிரம் மழுங்கும், அதையும் கூலியில் சேர். தீத்தடுப்புக் கதவு என்று சான்றிதழ் ஒட்டியிருந்தால், அந்தக் கதவுக்கு அனுமதித்த பூட்டைத் தவிர வேறு எதற்காகவும் வெட்டாதே. வெட்டினால் அந்தச் சான்றுக்கே அர்த்தம் இல்லாமல் போகலாம். எவ்வளவு கொடுத்தாலும் விட்டுவிடு.

சரி, ஒரு மணி நேரத்துக்கு உனக்கு எவ்வளவு வர வேண்டும்? வாரத்துக்கு 48 மணி நேரம் உழைக்கிறாய் என்று வைத்துக்கொள். போக வர ஆகும் நேரம், கடையில் நிற்பது, வேலை பார்த்துக் கூலி சொல்லிவிட்டு வருவது, அதில் பாதி கைகூடாமல் போவது, உளி தீட்டுவது, பாக்கிக்கு அலைவது எல்லாம் கழித்தால் கதவின் முன்னால் நிற்பது 24 மணி நேரம் இருந்தால் அதிகம். அந்த 24 மணி நேரம்தான் 48 மணி நேரத்துக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும். உன் வீட்டுக்கு வேண்டிய வருமானத்தோடு வண்டிச் செலவு, போன், மெஷின் தேய்மானம், பிட், பேட்டரி, வரி எல்லாவற்றையும் கூட்டு. அதைக் கதவின் முன்னால் நிற்கும் மணிகளால் வகு. வரும் தொகையைப் பார்த்தால் 'இதை யார் கொடுப்பார்கள்' என்று தோன்றும். கம்பெனி ஆளாகச் சம்பளம் வாங்கியபோது மீதி 24 மணி நேரத்தை முதலாளி சுமந்தார். இப்போது நீதான் சுமக்கிறாய்.

அந்த மணிக்கணக்கை உன் நோட்டில் மட்டும் வைத்துக்கொள். வாடிக்கையாளரிடம் வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல். மணிக்கு இவ்வளவு என்றால் நீ டீ குடிப்பதைக்கூட அவர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவார். அதைவிட, கை பழகப் பழக வேலை சீக்கிரம் முடியும், மணிக்கணக்கில் வாங்கினால் தேர்ச்சி கூடக் கூட வருமானம் குறையும். அப்புறம், எவ்வளவு சின்ன வேலையானாலும் வீட்டு வாசல் வரை வந்ததற்கு ஒரு குறைந்தபட்சத் தொகை வை. ஒரு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு வந்தாலும் அந்த நேரம் போனது போனதுதான்.

எட்டுக் கதவு வேலை ஒன்று வந்திருப்பதாக எழுதியிருந்தாய். எட்டால் பெருக்காதே. முதல் கதவில் அளவெடுத்து, ஜிக் பொருத்தி, மெஷினை எல்லாம் பரப்பி வைக்கும் நேரம் அடுத்த ஏழு கதவுக்கும் உதவும். அதில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அந்தத் தள்ளுபடியும் எட்டுக் கதவும் ஒரே மாதிரி இருந்தால்தான். ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார். ஒன்றாவது கீல் தொங்கி நிலையில் உரசும். அதைச் சரிசெய்வது தனி வேலை, தனிக் கூலி.

பூட்டை நீயே வாங்கிக் கொடுத்தால் அதில் ஒரு லாபம் வைக்கலாம். சரியான அளவைப் பார்த்து வாங்கியது நீ, பழுதானால் மாற்றித் தர அலைவதும் நீ. பில்லை மறைக்காதே, அவ்வளவுதான். அவரே ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தால் அந்த லாபம் போய்விடும். அப்போது கூலி மட்டுமே தன் காலில் நிற்க வேண்டும். பொருள் பழுது என்றால் கழற்றித் திரும்ப மாட்டுவது இரண்டாவது வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடு. யூரோ சிலிண்டரில் (கதவின் இரண்டு பக்கமும் எட்டும், தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய சாவி உருளை) இது அடிக்கடி வரும். நடுவில் உள்ள ஸ்க்ரூவிலிருந்து இரண்டு பக்கமும் அளந்து வாங்க வேண்டிய பொருள் அது. பக்கத்துக்கு 30 மி.மீ. (30-30) வேண்டிய இடத்தில் 40-40 வாங்கி வந்திருப்பார். கைப்பிடித் தகட்டுக்கு வெளியே சிலிண்டர் 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் திருடன் பிடித்து ஒடிக்கச் சௌகரியம். அதை மாட்டிவிட்டு வராதே, திரும்ப வருவதற்கான கூலியைச் சொல்லிவிட்டு வா.

பூட்டின் நாக்கு போய் விழுவதற்கு நிலையில் அடிக்கும் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியோடு வரும் ஸ்க்ரூ பெரும்பாலும் குட்டையானது. நிலையைத் தாண்டிப் பின்னால் உள்ள மரத்தையோ சுவரையோ பிடிக்கிற 75 மி.மீ. ஸ்க்ரூவாகப் போடு. இதற்குத் தனியாகக் கேட்காதே, உன் கூலிக்குள்ளேயே வைத்துக்கொள். உதைத்தால் பிய்ந்து வரும் தகட்டோடு எவ்வளவு நல்ல பூட்டை மாட்டினாலும் பிரயோசனம் இல்லை.

ஸ்மார்ட் பூட்டில் மரவேலையைவிடப் பின்வேலை நீளம். ஆப் இறக்க வேண்டும், வைஃபை சேர்க்க வேண்டும் (பல பூட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும், வீட்டு ரௌட்டர் அடம்பிடிக்கும்), வீட்டில் எல்லோருடைய விரல் ரேகையும் ஏற்ற வேண்டும். மாஸ்டர் எண்ணை அவர்களே போட்டுக்கொள்ளட்டும், நீ திரும்பி நின்றுகொள். ஆனால் ராத்திரி போன் வருவது உனக்குத்தான். ஒரு மணி நேரம் கற்றுக்கொடுப்பதைச் சேர்த்து கூலி போடு.

பேரம் வரும். "அவர் பாதிக்குச் செய்கிறார்" என்பார்கள். வேலையைக் குறைக்காமல் கூலியை மட்டும் குறைக்காதே. பழைய துளைக்கு ஒட்டு, பாலிஷ் எல்லாம் வேண்டாம், பெரிய தகடு போட்டு மறைத்துவிடலாமா என்று கேள், அதற்கு ஏற்பக் குறை. சம்மதிக்காவிட்டால் சிரித்துக்கொண்டே வந்துவிடு.

இரவில், சாவி உள்ளே மாட்டிக்கொண்டு ஒருவர் வெளியே நிற்கும்போது கூப்பிட்டால் கூடுதலாகக் கேட்கலாம். ஆனால் தொகையைப் போனிலேயே சொல், கிளம்பும் முன்னால். குறைந்த தொகை சொல்லி வரவழைத்து, வந்தபின் பல மடங்கு பிடுங்கும் ஆட்களைப் பற்றி அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே மக்களை எச்சரித்திருக்கிறது. நம் தொழிலுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

கடைசியாக, வாயால் சொன்ன கூலியை அன்றைக்கே போனில் எழுதி அனுப்பிவிடு. நான் அனுப்புவது இப்படி இருக்கும்: "வாசல் கதவு, மரம், கதவின் கனம் 35 மி.மீ.; மார்டைஸ் பூட்டு ஒன்று, பூட்டு உங்களுடையது. குழி எடுப்பது, நிலைத் தகடு, நீள ஸ்க்ரூ சேர்த்துக் கூலி இவ்வளவு. பழைய துளைக்கு ஒட்டுப் போடுவதும் பாலிஷும் சேரவில்லை. 30 நாளுக்குள் நாக்கு சரியாக விழாவிட்டால் ஒரு முறை இலவசமாகச் சரிசெய்து தருவேன். ஈரத்தில் கதவு ஊதிப்போனால் அது தனி வேலை. சாவி எல்லாவற்றையும் எண்ணி உங்கள் கையில் கொடுத்துவிடுவேன்."

'இவ்வளவு' என்று விட்ட இடத்தில் உன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்