தாத்தாவிடம் கேட்க வைத்த நால்வருக்கு

செர்ஜ் டாங்கியன், டாரன் மலாக்கியன், ஷாவோ ஒடாஜியன், ஜான் டோல்மாயன் ஆகிய நால்வருக்கும் வணக்கம்.

உங்கள் 'சிஸ்டம் ஆஃப் எ டவுன்' ராக் இசைக்குழு எனக்கு அறிமுகமானது கல்லூரி விடுதியில். அறைத்தோழன் இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதில் செருகி, "மூணு நிமிஷம் பேசாம கேளு" என்றான். 'சாப் சூயி' ஓடியது. கிட்டார் விழுந்த வேகத்தில் திடுக்கிட்டுக் கழற்றப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் பியானோவோடு செர்ஜின் குரல் ஏற ஏற, நானே இன்னொரு பக்கத்தையும் வாங்கி மாட்டிக்கொண்டேன். ஆகவே முதல் நன்றி அவனுக்கு. பாட்டு வரிகளை ஒரு நீள நோட்டில் எழுதி, எனக்குப் புரியாத சொல்லுக்கெல்லாம் பக்கத்திலேயே தமிழில் பொருள் எழுதிக் கொடுத்தவனும் அவன்தான்.

அந்த நோட்டு இல்லையென்றால் வெறும் சத்தத்தை ரசித்துவிட்டுப் போயிருப்பேன். 2001-இல் வந்த 'டாக்ஸிசிட்டி' ஆல்பத்தின் முதல் பாட்டு 'பிரிசன் சாங்'. அமெரிக்கச் சிறைகளில் எத்தனை பேர் அடைபட்டிருக்கிறார்கள் என்று செய்தி வாசிப்பதுபோல நடுவில் ஒரு குரல் சொல்லிக்கொண்டு போகும். புள்ளிவிவரம் பாட்டுக்குள் வரும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அதே ஆல்பத்தில் 'ஏரியல்ஸ்' முடிந்ததும் உடனே நிறுத்திவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். கிட்டாரெல்லாம் அடங்கிய பிறகு, ஆர்மீனிய இசைக்கலைஞர் ஆர்ட்டோ துஞ்ச்போயாஜியனோடு சேர்ந்து நீங்கள் தொடுகிற அந்த மெட்டு ஆர்மீனியத் திருச்சபைப் பாடலுடையது. இரவில் அதைக் கேட்டால் தூக்கம் வராது எனக்கு.

1998-இல் வந்த முதல் ஆல்பத்தையே 1915-இல் ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியில் ஆர்மீனியர்களுக்கு நடந்த இனப்படுகொலையைப் பற்றிய பாட்டோடுதான் முடித்திருந்தீர்கள். நால்வருமே ஆர்மீனிய வம்சாவளி. அந்தப் படுகொலையிலிருந்து தப்பிய செர்ஜின் தாத்தா, 2006-இல் வந்த 'ஸ்க்ரீமர்ஸ்' ஆவணப்படத்தில் தன் கதையைச் சொல்கிறார், பேரன் கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் பாட்டில் வருகிற அந்தக் கத்தலின் வேர் எனக்குப் பிடிபட்டது அங்கேதான்.

2015 ஏப்ரல் 23. படுகொலையின் நூற்றாண்டு நினைவு நாளுக்கு முந்தின இரவு, ஆர்மீனியத் தலைநகர் யெரெவானின் குடியரசுச் சதுக்கத்தில் இலவசக் கச்சேரி. ஆர்மீனிய மண்ணில் உங்களுக்கு அதுதான் முதல் கச்சேரி. ஷாவோவுக்கோ அது பிறந்த ஊர். மழையில் நனைந்துகொண்டே அத்தனை பேரும் உங்களோடு சேர்ந்து பாடியதை வீடியோவில் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அரசியலில் உங்களுக்குள் ஒத்துப்போகாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் 2020-இல், ஆர்மீனியர்கள் ஆர்ட்சாக் என்றழைக்கும் நகோர்னோ-கராபாக் பகுதிக்காக அஜர்பைஜானோடு போர் வந்தபோது, பதினைந்து வருஷம் கழித்து இரண்டு புதுப் பாட்டு பதிவு செய்து, வந்த பணத்தை அந்த மக்களுக்கே கொடுத்தீர்கள். அதற்கும் சேர்த்து நன்றி.

யெரெவான் வீடியோவைப் பார்த்த அதே வாரம் ஊருக்குப் போனேன். 1942-இல் ஜப்பான் படையெடுப்புக்குத் தப்பி, ரங்கூனிலிருந்து அப்பா அம்மாவோடு நடந்து வந்தவர் என் தாத்தா. அப்போது அவருக்கு ஒன்பது வயது. "பர்மாவிலிருந்து நடந்தே வந்தோம்" என்பார். வீட்டில் யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை, நானும்தான். அன்றைக்குத் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, போனை நடுவில் வைத்து, "முதல் நாள்ல இருந்து சொல்லுங்க தாத்தா" என்றேன். நாற்பது நிமிஷத்துக்கு மேல் பேசினார். அடுத்த வருஷம் போய்விட்டார்.

அந்தப் பதிவை இப்போதும் போட்டுக் கேட்கிறேன். வழியில் விட்டுவிட்டு வந்த தங்கச்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து நிறுத்துகிறார். தண்ணீர் கேட்கிறார். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்கிற சத்தம். அப்புறம் அவள் பெயரைச் சொல்கிறார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது நான்தான்.

மனமார்ந்த நன்றியுடன்,
உங்கள் ரசிகன்