"புள்ளிங்கோ" என்ற சொல்லும் பெயரிலிகளின் பேச்சும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வியாசர்பாடியில் என் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு மாணவன், உடன் படிக்கும் பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டி, விலை போட்டு, வாட்ஸ்அப் குழுவில் ஏலம் விட்டிருந்தான். கண்டித்தபோது, "மீம்தானே மிஸ், சும்மா காமெடிக்கு" என்றான். அந்தப் பதிலை அவன் எங்கே கற்றான் என்று தேடியதன் விளைவே இக்கடிதம்.

இத்தகைய பேச்சின் ஊற்றுகளில் ஒன்று, 2003-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபோர்சான் (4chan) என்ற இணைய விவாதத் தளம். அங்கே எழுதப் பெயரோ கணக்கோ வேண்டியதில்லை. எவரும் கண்டுகொள்ளாத பதிவு சிறிது நேரத்தில் தானாக அழிந்துவிடும். ஆகவே அங்கே நிலைத்து நிற்க அதிர்ச்சியூட்டுவதே எளிய வழியாயிற்று. எவரேனும் தட்டிக்கேட்டால் "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது கேடயமாயிற்று. அப்படிப் பழகிய பேச்சு ஸ்கிரீன்ஷாட்டாக ட்விட்டருக்கும் ஃபேஸ்புக்குக்கும், அங்கிருந்து ரீல்ஸுக்கும் வந்து சேரும்போது, எங்கே பிறந்தது என்ற அடையாளமே அற்றுப்போகிறது. கண்டிப்பதற்காகப் பகிர்பவரும் அதைச் சுமந்து செல்பவர்தான், நானும் செய்திருக்கிறேன். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், அதே வகைத் தளமான எய்ட்சானில் (8chan) முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஃபேஸ்புக்கில் நேரலை செய்தான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அக்காணொலியின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்நிறுவனமே கூறியது. நம் நாட்டில் 2022 புத்தாண்டு நாளன்று முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலப் பொருளாக்கிய புல்லி பாய் செயலி வழக்கில் கைதானவர்களில் 18 வயதுப் பெண்ணும் 21 வயதுக் கல்லூரி மாணவரும் இருந்தனர். என் மாடியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வயது மூன்று ஆண்டுத் தூரம்தான்.

வடசென்னைக்காரர்களான எங்களுக்கு இதில் தனி வலி ஒன்று உண்டு. பிள்ளைகளைப் "புள்ளிங்கோ" என்பது எங்கள் தெருப்பேச்சு. தலைக்குச் சாயம் பூசி, பைக்கில் சுற்றும் எங்கள் பையன்களைக் கேலி செய்த மீம்கள், அச்சொல்லைச் சாதியை வாய்திறந்து சொல்லாமலே சொல்லும் வசவாக மாற்றிவிட்டன. (அந்த மீம்களுக்கு என் வீட்டுக்காரரும் சிரித்தவர்தான்.) ஏலம் விட்ட மாணவனையே பள்ளியில் அப்படித்தான் அழைக்கிறார்களாம், தான் வாங்கியதைத் தன்னிலும் எளியவளிடம் இறக்கிவைத்திருக்கிறான்.

எங்கள் பையன்களைக் கேலி செய்யும் இத்தகைய மீம் பக்கம் ஒன்றைப் பற்றி நான் அளித்த புகாருக்கு, விதிமீறல் ஏதுமில்லை என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. பெரிய தளங்கள் குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். அந்த அலுவலகத்தில் சென்னைத் தமிழ் அறிந்த ஒருவரேனும் இருக்க வேண்டாமா?

தங்கள் நாளிதழின் இணையப் பக்கத்திலும், பைக் ரேஸில் பிடிபட்ட சிறுவர்களைப் பற்றிய செய்திக்கு "புள்ளிங்கோ" என்ற சொல்லே தலைப்பாக இருந்ததைக் கண்டேன். இனி அதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை