எழுபது வருஷம் காத்திருந்த ஊர்

நியூகாசில்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். குளிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. அம்மா கொடுத்துவிட்ட கம்பளிச் சட்டையை இன்றைக்குத்தான் துவைத்து உள்ளே எடுத்து வைத்தேன்.

போன வாரம் வீடியோ காலில், இந்த ஊர் பந்தாட்ட டீம் நியூகாசில் யுனைடெட் இங்கிலாந்தின் லீக் கப்பை ஜெயித்ததற்கான ஊர்வலத்தைக் காட்டினேன் இல்லையா, அப்போது தம்பி ஒன்று கேட்டான். "எழுபது வருஷத்துல ஒரு கப்பு. இதுக்கா இவ்வளவு கூட்டம்? தோத்துக்கிட்டே இருக்கிற டீமை எப்படிக்கா பிடிக்கும்?" என்றான். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மனசைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கு லீவு. உட்கார்ந்து எழுதுகிறேன். பந்தாட்டம் ஆடிய கால் உங்களுடையது, உங்களுக்குப் புரியும். அவனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் 2022 அக்டோபரில் இங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தேன். வந்த முதல் சனிக்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கினால் ஊர் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. தாத்தா, பாட்டி, தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, எல்லோருக்கும் அதே சட்டை. ஏதோ திருவிழா என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேட்டேன். "மேட்ச் நாள், பெட்" என்றார்கள். 'பெட்' என்றால் இங்கே கண்ணு, செல்லம் என்கிற மாதிரி. நோயாளிகளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

செயின்ட் ஜேம்ஸ் பார்க் ஸ்டேடியம் ஊருக்கு நடுவில், ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. வேறு பல ஊர்களில் பழைய மைதானத்தை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாகப் புதிதாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவர்கள் போகவில்லை. கிளப் 1892-ல் இந்தப் பேரோடு தொடங்கியதிலிருந்து அதே இடம்தான். கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். எங்கள் வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலும் அந்த வெள்ளைக் கூரை தெரியும். கடலிலிருந்து திரும்பும்போது கோயில் கோபுரத்தை அடையாளம் வைத்துக் கணியம் பார்த்துக் கரை சேர்வோம் என்று சொல்வீர்களே, இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கூரை அப்படித்தான். வழி கேட்டால்கூட ஸ்டேடியத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றுதான் சொல்வார்கள்.

தம்பி சொன்ன கணக்கு கிட்டத்தட்டச் சரிதான். கடைசியாக லீக் சாம்பியன் ஆனது 1927-ல். இங்கிலாந்தின் பழைய கோப்பையான எஃப்.ஏ. கப் ஜெயித்தது 1955-ல். 1969-ல் ஐரோப்பாவில் ஒரு கோப்பை வாங்கினார்கள். அதற்கப்புறம் இந்த வருஷம் வரைக்கும் பெரிய கோப்பை எதுவும் இல்லை. 1998, 1999 இரண்டு வருஷமும் எஃப்.ஏ. கப் இறுதி ஆட்டத்துக்குப் போய், இரண்டிலும் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றார்கள். 2009-லும் 2016-லும் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்தே கீழே இறங்கிவிட்டார்கள்.

ஆனால் தம்பி பார்க்க வேண்டிய கணக்கு வேறொன்று இருக்கிறது. 2016-17-ல் இரண்டாம் டிவிஷனில் ஆடினார்களே, அந்த வருஷம் இங்கே நடந்த ஒவ்வொரு மேட்சுக்கும் சராசரியாக 51,000 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். ஸ்டேடியத்தில் இருப்பதே 52,000 சொச்சம் இடம்தான். ஊரின் ஜனத்தொகை மூன்று லட்சம் அளவுதான். டீம் விழுந்து கிடந்தபோது இவ்வளவு பேர் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, அப்பா.

ஏன் என்று நான் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்டால் பதில் வராது, கதைதான் வரும். அந்தக் கதைகளை வைத்து நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இந்த ஊர் ஒரு காலத்தில் உலகத்துக்கே கப்பல் கட்டிக் கொடுத்த ஊர். டைன் ஆற்றின் இரண்டு கரையிலும் கப்பல் கட்டும் தளங்கள். டைட்டானிக் மூழ்கியபோது உயிர் தப்பியவர்களைத் தூக்கிக்கொண்டு வந்ததே கார்ப்பாத்தியா கப்பல், அது இங்கே பக்கத்தில் வால்ஸ்எண்டில் கட்டியது. ஊரைச் சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். பிள்ளைகள் அப்பன் பின்னாடியே சுரங்கத்துக்கோ கப்பல் தளத்துக்கோ போனார்கள். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து நேரே மைதானத்துக்கு. அப்புறம் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, கப்பல் தளங்களும் மூடின. அப்பன் மகனுக்குக் கொடுக்கிற மாதிரி இருந்த வேலை போய்விட்டது. கையில் மிஞ்சியது இந்த டீம்தான். எங்கள் வார்டில் இருந்த ஒரு பெரியவர், வால்ஸ்எண்டில் வெல்டராக இருந்தவர், சொன்னார்: "என் அப்பாவின் தொழிலை என் மகனுக்குக் கொடுக்க முடியவில்லை. மைதானத்தில் அவருடைய ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போக முடிந்தது." இதைச் சொல்லிவிட்டுப் போர்வையின் ஓரத்தை ரொம்ப நேரம் நீவிக்கொண்டே இருந்தார்.

பெரிய நகரங்களில் இரண்டு மூன்று டீம் இருக்கும். லண்டனில் தெருவுக்குத் தெரு டீம் மாறும். இங்கே ஒன்றே ஒன்றுதான். பக்கத்து ஊர் சண்டர்லேண்ட் 20 கிலோமீட்டர்கூட இல்லை, அவர்களுக்குத் தனி டீம், இரண்டு ஊருக்கும் ஆகவே ஆகாது. அதனால் நியூகாசிலில் பிறந்த பிள்ளைக்கு எந்த டீம் என்ற கேள்வியே கிடையாது. வீட்டுப் பேர் மாதிரி அது தானாக வருகிறது. தம்பி டிவியில் பார்த்து மான்செஸ்டர் யுனைடெட்டைப் பிடித்துக்கொண்டான். அதைத் தப்பென்று சொல்லவில்லை, அவனும் மனசாரத்தான் பார்க்கிறான். ஆனால் தேர்ந்தெடுத்த டீமை விட்டுவிட முடியும். பிறந்ததோடு வந்ததை எப்படி விடுவது?

இன்னொன்று எனக்கு ரொம்ப ஆச்சரியம். இவர்கள் அதிகம் ஆசையாகப் பேசுவது ஜெயித்த டீமைப் பற்றி இல்லை. 1995-96 சீசனில் கெவின் கீகன் மேனேஜராக இருந்தார். ஜனவரியில் லீக்கில் 12 புள்ளி முன்னால் இருந்தார்கள். கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட் கப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தற்காத்து ஆடி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயிக்கிற ஆட்டம் அவர்களுக்குத் தெரியாது. ஏறி ஏறி அடிப்பார்கள். லிவர்பூலில் போய் 4-3 என்று கடைசி நிமிஷத்தில் தோற்ற மேட்ச் ஒன்று இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா அந்த மேட்ச்சின் ஏழு கோலையும் வரிசையாகச் சொல்வார்கள், கண்ணில் தண்ணீரோடு, சிரித்துக்கொண்டே. சந்தோஷத்தைக் கொடுத்தவன் தோற்றுப்போனாலும் நம்மவன்தானே, அப்பா. நீங்கள் தூத்தூர் டோர்னமென்டில் பெனால்டியில் தோற்ற கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! நாங்களும் ஒவ்வொரு தரமும் உட்கார்ந்து கேட்டோமே.

ஆலன் ஷியரர் பேர் தம்பிக்குத் தெரியும். இந்த ஊர்ப் பிள்ளை. 1996-ல் மான்செஸ்டர் யுனைடெட்டும் அவரைக் கேட்டது. அங்கே போயிருந்தால் கப் மேல் கப் வாங்கியிருப்பார். அவர் இங்கே வந்தார். 15 மில்லியன் பவுண்டு, அன்றைக்கு உலகத்திலேயே அதுதான் பெரிய தொகை. பத்து வருஷம் ஆடி 206 கோல் போட்டார், நியூகாசிலுக்காக ஒரு கோப்பையும் வாங்கவில்லை. ஸ்டேடியத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. மேனேஜராக இருந்த பாபி ராப்சனுக்கும் சிலை இருக்கிறது. சுரங்கத் தொழிலாளியின் மகன், சின்ன வயசில் அப்பாவோடு இங்கே மேட்ச் பார்க்க வந்தவர். பார்சிலோனாவுக்கே மேனேஜராக இருந்துவிட்டு, 66 வயசில் இந்த டீம் அடிமட்டத்தில் கிடந்தபோது திரும்பி வந்து தூக்கி நிறுத்தினார். அவர் காலத்திலும் கப் இல்லை. ஆனாலும் அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளைப் போட்டோ எடுக்காத வீடு இருக்காது.

எல்லாமே நல்லது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. 2021-ல் சவூதி அரசின் முதலீட்டு நிதி கிளப்பின் பெரும்பங்கை வாங்கியது. மனித உரிமைக்காரர்கள் எதிர்த்தார்கள். இங்கே ரொம்பப் பேர் கொண்டாடினார்கள், வருத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பணம் வந்த பிறகுதான் கப்பும் வந்தது என்பது உண்மை. அந்தப் பணத்தைப் பற்றி யோசித்தால் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்த 51,000 பேர் வந்து உட்கார்ந்தது பணம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால். அவர்களுடைய அன்பை யாரும் விலைக்கு வாங்கவில்லை. இன்றைக்கும் மேட்ச் நாளில் ஸ்டேடியத்துக்கு வெளியே ரசிகர்கள் நின்று, இல்லாதப்பட்ட வீடுகளுக்காகச் சாப்பாட்டுச் சாமான் சேர்க்கிறார்கள். நானும் போகும்போதெல்லாம் ஒரு பை அரிசி கொண்டுபோய் வைக்கிறேன்.

நான் வந்த நாலாவது மாசம், 2023 பிப்ரவரியில், லீக் கப் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-0 என்று தோற்றார்கள். மறுநாள் திங்கட்கிழமை. காலையில் வார்டில் துக்க வீடு மாதிரி இருந்தது. யாரும் பேசவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒருத்தர் மெதுவாக ஆரம்பித்தார்: வருகிற சனிக்கிழமை மான்செஸ்டர் சிட்டியோடு மேட்ச், யார் காரில் யார் போவது? அவ்வளவுதான், பேச்சு திரும்பிவிட்டது. அன்றைக்குத்தான் நானும் இந்த டீமின் பக்கம் சாய்ந்தேன்.

இப்போது மார்ச் 16-ஐப் பற்றிச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பகல் ஷிஃப்ட். நான் சொன்னேனே அந்த வெல்டர் தாத்தா, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி ஐந்தாம் நாள். 78 வயசு. 1955-ல் அவருக்கு எட்டு வயசு. தெருவில் ஒரே ஒரு வீட்டில் டிவி, சின்னப் பெட்டி, அதைச் சுற்றி இருபது பேர். எஃப்.ஏ. கப் இறுதி ஆட்டம் ஆரம்பித்த 45-ஆவது வினாடியில், கார்னரில் வந்த பந்தை ஜாக்கி மில்பர்ன் தலையால் முட்டிக் கோலாக்கினார். மில்பர்ன் தலையால் கோல் போடுவதே அபூர்வமாம். அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டார்கள் என்று இவர் வாசலுக்குப் போயிருக்கிறார். உள்ளே கூரை பெயர்கிற மாதிரி சத்தம். ஓடி வந்தால் எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். மேட்ச் 3-1 என்று ஜெயித்தது, ஆனால் அந்த கோலை அவர் பார்க்கவில்லை. இதை என்னிடம் நாலு தரம் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு நாலரை மணிக்கு லிவர்பூலோடு லீக் கப் இறுதி ஆட்டம். பேரன் டேப்லட் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்தான். தாத்தா டீயைத் தொடவில்லை. வலி மாத்திரை கொடுக்கப் போனேன், கையை நீட்டி வாங்கிக்கொண்டார், கண்ணைத் திருப்பவில்லை. "கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள்" என்றேன், தலையை மட்டும் ஆட்டினார். முதல் பாதி முடியப்போகிற நேரம், 45-ஆவது நிமிஷம், ஒரு கார்னர். பிளைத் ஊர்க்காரன் டான் பர்ன், சின்ன வயசில் இதே கிளப் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பையன், ஆறடி ஏழங்குலம், ஓடி வந்து தலையால் அடித்தான். கோல். வார்டே எழுந்துவிட்டது. எழ முடியாதவர்கள் கட்டில் கம்பியைத் தட்டினார்கள். இரண்டாம் பாதியில் இசாக் ஒன்று போட்டார். 2-1 என்று முடிந்தது.

தாத்தா கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவருடைய ஊசி போட்ட கை, இறுக்கிப் பிடிக்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பார்த்தேன், பெட்" என்றார். "இந்தத் தடவை பார்த்துவிட்டேன்."

மார்ச் 29 ஊர்வலத்துக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள் என்கிறார்கள். அவரை வீல்சேரில் ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். பஸ் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. அது போதும் என்றார். வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மாவிடம் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள். டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். வரும்போது உங்களுக்கு ஒரு கறுப்பு வெள்ளைச் சட்டை கொண்டுவருகிறேன். முதுகில் 9 போட்டது.

உங்கள் அன்பு மகள்