இடிக்காமலே போன லாரி

ஐயா,

போன மாதம் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி சிக்னல் போடாமல் சட்டென்று இடப்பக்கம் ஒடித்தது. ஒதுங்கப் போன என் தம்பி பைக்கோடு சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். லாரி அவன்மேல் படவில்லை, நிற்கவும் இல்லை. புகார் கொடுக்கப் போனால், "இடிக்கவே இல்லையே, நீங்களாத்தானே விழுந்தீங்க?" என்றார்கள்.

இடித்தால்தான் இழப்பீடு என்று 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் இல்லை. வாகனத்தைப் பயன்படுத்தியதால் நேர்ந்த விபத்தா என்பதுதான் கேள்வி. கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்ததைக்கூட அதில் அடக்கியது, உச்ச நீதிமன்றத்தின் 1991 தீர்ப்பு. முழு இழப்பீடு கேட்டால் ஓட்டுநர் தவறை நிரூபிக்க வேண்டும். அது சுலபமில்லை என்பது சரிதான். ஆனால் வண்டி எண்ணே தெரியாவிட்டாலும் 161-வது பிரிவில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் உண்டு. எலும்பு முறிவு கொடுங்காயம்தான்.

புகாரைப் பதிவு செய்தால்தானே இதெல்லாம்? கேமரா பதிவு அழிவதற்குள் அதையாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
திருவொற்றியூர்.