கைப்பையில் ஒரு துணிக்கிளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பொம்மையைக் கையோடு எடுத்துச் சென்று, போகும் இடமெல்லாம் அதை நிறுத்திவைத்துப் படம் எடுப்பவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். லபுபு பொம்மையைப் பையில் தொங்கவிட்டுத் திரியும் இளைஞர்களைப் பற்றி அதில் சொல்லப்பட்டவற்றோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் ஐம்பது வயதைக் கடந்தவர்கள்கூடப் பொம்மையோடு விமானம் ஏறுவது வளர மறுக்கும் மனத்தின் அடையாளம் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்த பத்தி என்னை மிகவும் உறுத்தியது. எனக்கு வயது 68. அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சில மாதங்களுக்கு முன் ஒரு துணிக்கிளியைத் தோள்பையில் வைத்துக்கொண்டு ஜப்பானுக்குப் போய், நாற்பது நாள் தங்கித் திரும்பினேன். அந்தக் கிளி எதற்காக வந்தது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்கு முடக்குவாதம் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. விரல் மூட்டுகளும் முழங்கால்களும் வீங்கிவிடும் நாட்களில் வாசற்படி இறங்குவதே அவருக்குப் பெரிய பாடு. எங்கள் ஒரே மகன் ஜப்பானின் தெற்கே உள்ள கியூஷு தீவில், குமாமோட்டோ நகருக்கு அருகில் வேலை பார்க்கிறான். இருவரும் வர வேண்டும் என்று பலமுறை அழைத்தும், இரண்டு விமானம் மாறிப் போகும் பயணத்தை அவரால் தாங்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நானும் போகவில்லை என்றேன். என் மனைவிதான் விடவில்லை. நான்கைந்து வாரம் எடுத்துக்கொண்டு, வலி குறைந்த காலை வேளைகளில் மட்டும் உட்கார்ந்து, தம் பழைய பச்சைச் சுங்குடிச் சேலையின் முந்தானையில் ஒரு கிளி தைத்தார். சேலையின் வெள்ளைப் புள்ளிகள் சரியாக இறக்கைகளில் விழும்படி வெட்டி, சிவப்பு ரவிக்கைத் துண்டில் மூக்கு வைத்து, நான் வேலைக்குப் போட்டுச் சென்ற காக்கிச் சட்டையின் பொத்தான்கள் இரண்டைக் கண்களாக்கினார். மரகதம் என்று பெயரும் வைத்தார். "நான் வரலைன்னா என்னங்க, இவ வரட்டும். இவ பார்த்தா நான் பார்த்த மாதிரிதான்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

உள்ளே இலவம்பஞ்சு அடைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். மகன் விசாரித்துவிட்டு வேண்டாம் என்றான். இதுபோல் பொம்மை கொண்டு போக எண்ணுபவர்களுக்கு இது பயன்படும் என்பதால் சொல்கிறேன். வைக்கோல், விதை, தானியம், உலர்ந்த செடிப்பொருள் ஆகியவை அடைத்த பொம்மைகளைப் பல நாடுகள் எல்லையிலேயே நிறுத்திவிடும். நம் நாட்டு நெல் வைக்கோலை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மரப்பொம்மையைக்கூட இறங்கியதும் அறிவித்துக் காட்ட வேண்டும். செம்மரத்தில் செய்த மரப்பாச்சியை எடுத்துச் செல்ல விரும்புவோர், அம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆகவே மரகதத்துக்கு வெறும் துணிக்கிழிசல்களையே அடைத்தோம். கையில் எடுத்தால் சற்றுக் கனமாக, உயிருள்ள பறவையைப் போலவே இருப்பாள்.

நான் புறப்பட்ட விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனை செய்த ஊழியர் அவளை இரண்டு விரலால் தூக்கி, வரிசையில் நின்றவர்களுக்குக் காட்டுவதுபோல் ஆட்டி, "பேரப்பிள்ளைக்கா பெரியவரே, இல்லை உங்களுக்கேவா?" என்று கேட்டார். நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். பொம்மைக்குள் எதையும் ஒளித்துக் கொண்டுபோக முடியும் என்பதால், அதைக் கருவிக்குள் செலுத்திப் பார்ப்பதும் அழுத்திப் பார்ப்பதும் அவருடைய கடமை. அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் இழுத்த இழுப்பில் இடது இறக்கையின் தையல் அரை விரல் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. வீங்கிய விரல்களால் போடப்பட்ட தையல் அது என்று அங்கே நின்று யாரிடம் விளக்க முடியும்? பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

ஃபுகுவோகாவில் இறங்கியபோது சுங்க அதிகாரி ஒருவரும் பையைத் திறக்கச் சொன்னார். வெள்ளைக் கையுறை அணிந்த கையால் மரகதத்தை எடுத்தார், பிரிந்த இடத்தைப் பார்த்தார், அது மேலும் கிழியாதபடி ஓரங்களை மட்டும் மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு இரு கைகளாலும் ஏந்தி, தலையைச் சற்றுக் குனிந்து திருப்பிக் கொடுத்தார். சோதனை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நடந்துகொண்ட விதத்தில்தான் எவ்வளவு வேறுபாடு!

அந்த நாட்டில் துணிப்பொம்மையை நுய்குருமி என்கிறார்கள். தைத்துப் பொதிந்தது என்று அதற்குப் பொருள் என மகன் சொன்னான். பெரியவர்கள் அதைப் பையில் வைத்துக்கொண்டு பயணிப்பதும், உணவகத்தில் தட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பதும் அங்கே கண்டு நின்று பார்க்கத்தக்க செய்தி அல்ல. பழையதாகிவிட்ட பொம்மைகளைக் குப்பையில் எறிய மனமில்லாதவர்கள் கோயிலில் கொடுத்து வழிபாடு செய்து விடை தரும் வழக்கமும் உண்டு. விஜயதசமி இரவில் கொலுப்படியின் ஒரு பொம்மையையாவது படுக்கவைத்துத் தூங்கச் செய்யும் நமக்கு, இது புரியாத வழக்கமாக இருக்க வேண்டியதில்லை. தோக்கியோவில் 2010-ஆம் ஆண்டு முதல் உனாகி டிராவல் என்று ஒரு பயண நிறுவனம் நடக்கிறது. உனாகி என்றால் விலாங்கு மீன். அதன் பயணிகள் எல்லோரும் பொம்மைகள்! மக்கள் தங்கள் பொம்மையை அஞ்சலில் அனுப்பிவைக்கிறார்கள். நிறுவனத்தை நடத்தும் பெண்மணி அவற்றைக் கோயில், குளம், கடைத்தெரு எனச் சுற்றிக் காட்டி, படம் எடுத்து அனுப்பிவிட்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறார். அனுப்புகிறவர்களில் நோயாலும் உடற்குறைபாட்டாலும் வெளியே நடமாட முடியாதவர்கள் இருக்கிறார்கள். நானே வாழ்நாள் முழுவதும் பார்சல்களைக் கையாண்டவன். பொதி எதுவானாலும் அதை அனுப்புகிறவர் ஒருவர் இருக்கிறார், காத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அறிந்தவன் என்பதால், இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குமாமோட்டோவில் எங்கு திரும்பினாலும் கன்னம் சிவந்த ஒரு கறுப்புக் கரடி நிற்கிறது. குமாமோன் என்று பெயர். கியூஷுத் தீவில் கரடியே இல்லை என்பது வேறு செய்தி. 2011 மார்ச்சில் ஷின்கான்சென் அதிவேக ரயில் தீவின் நெடுகிலும் ஓடத் தொடங்கவிருந்தது. பயணிகள் தங்கள் ஊரில் இறங்காமல் கடந்து போய்விடக் கூடாது என்பதற்காக, அதற்கு முந்தைய ஆண்டில் உள்ளூர் அரசு உருவாக்கிய சின்னம் இது. ஊருக்குப் பெயர் தேடித் தரும் பொருள்களில் உரிமத் தொகை இல்லாமல் அச்சிட்டுக்கொள்ள அனுமதித்ததால் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. 2016 ஏப்ரலில் இரண்டு பெரிய நிலநடுக்கங்கள் அந்த ஊரைக் குலைத்துப்போட்டபோது, அடுத்த மாதமே குமாமோன் வேடத்தில் குழந்தைகளைப் பார்க்க வந்துவிட்டார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். நமக்கும் 2022-இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்காக வேட்டி சட்டை கட்டிய தம்பி என்ற குதிரை கிடைத்தது. புறப்படும் முன் மகனுக்காக ஒரு தம்பி பொம்மை வாங்க மதுரைக் கடைகளில் தேடினேன், கிடைக்கவில்லை.

ஒரு நாள் டிராம் நிறுத்தத்தில் நானும் மகனும் உட்கார்ந்திருந்தோம். மரகதம் என் மடியில் இருந்தாள். பக்கத்தில் இருந்த மூதாட்டி தம் கைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவு குமாமோன் ஒன்றை எடுத்து, கிளிக்கு நேரே நீட்டி, வணங்குவதுபோல் குனியவைத்தார். நிலநடுக்கத்தின்போது தங்கியிருந்த முகாமில் கிடைத்தது அது என்று மகன் மொழிபெயர்த்துச் சொன்னான். பேச்சினிடையே அவர் பார்வை கிழிந்த இறக்கையில் போய் நின்றது. என்னைப் பார்த்து அனுமதி கேட்டுவிட்டு, தீப்பெட்டியளவு டப்பா ஒன்றைத் திறந்து ஊசி நூல் எடுத்தார். பச்சை நூல் இல்லையே என்று வருந்தி, வெள்ளை நூலிலேயே ஏழு தையல் போட்டு முடிச்சிட்டார். அதற்குள் ஒரு டிராம் வந்து போயிருந்தது. அவர் ஏற வேண்டிய வண்டி அது என்று பிறகுதான் தெரிந்தது. ஊர் திரும்பி, கிளியைக் கையில் வாங்கியதும் என் மனைவி முதலில் தடவிப் பார்த்தது அந்த வெள்ளைத் தையலைத்தான். பிரித்துவிட்டுப் பச்சை நூலில் போடட்டுமா என்று மருமகள் கேட்டதற்கு, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. மகன் அந்த ஊருக்குப் போன நாள் முதல் நூற்றுக்கணக்கான படங்களை அனுப்பியிருக்கிறான். என் மனைவி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்பார், அதோடு முடிந்துவிடும். மரகதம் நிற்கும் படம் போனால் மட்டும் கேள்விமேல் கேள்வி வந்தது. குமாமோட்டோ கோட்டைக்குப் போனோம். கட்டோ கியோமாசா என்ற தலைவர் 1607-இல் கட்டி முடித்தது. நிலநடுக்கத்தில் சரிந்த மதில்களின் கற்களை ஒன்றுவிடாமல் எண்ணிட்டு, வெட்டவெளியில் வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். நடுக்கோபுரத்தை 2021-இல் திறந்துவிட்டார்கள். மற்ற வேலைகளெல்லாம் முடிய 2052 ஆகும் என்று திட்டமிட்டுச் செய்கிறார்கள். எண் எழுதிய கற்கள் தெரியும்படி கிளியை முன்னால் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினேன். அரைமணி நேரத்தில் தொலைபேசி வந்தது. 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்து எரிந்ததை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லுக்கும் தனி எண்ணா, அதே கல் அதே இடத்துக்குப் போகுமா, மழையில் எண் அழியாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பாதிக்கு விடை தெரியவில்லை; மறுநாள் திரும்பப் போய் விசாரித்து வந்தேன். அசோ எரிமலைக்குப் போன அன்று நச்சுப்புகை காரணமாக வாய்ப்பகுதியை மூடிவிட்டார்கள். கீழே குசசென்ரி புல்வெளியில் நின்று படம் எடுத்தோம். வடக்கு தெற்காக 25 கிலோமீட்டர் விரியும் அந்தப் பழைய எரிமலைப் பள்ளத்துக்குள்ளேயே ஊர்களும் வயல்களும் ரயில் பாதையும் இருக்கின்றன. "காத்து பலமா அடிக்குதே, கிளியை இறுக்கிப் பிடிச்சுக்கங்க" என்றார், மதுரையில் கட்டிலில் படுத்தபடி.

தூது அனுப்பியவர்கள் நம் முன்னோர். அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தென்றலையும் போய்ச் சொல்லிவா என்று அனுப்பினார்கள். அவர்களை வளராத மனத்தினர் என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் கிளி, சொல்வதற்குப் பதில் பார்த்துவருவதற்காகப் போனது. 2025 ஜூன் 25 அன்று நம் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டபோதும், அவரும் உடன் சென்றவர்களும் ஜாய் என்ற அன்னப்பறவைப் பொம்மையை எடுத்துச் சென்றார்கள். எடையற்ற நிலை வந்ததும் பொம்மை மிதக்கத் தொடங்கும்; அதுவே அடையாளம். அமெரிக்க விண்வெளி வீராங்கனை கரேன் நைபர்க் 2013-இல் நிலையத்தில் இருந்தபோது, உணவுப்பொதிகளின் உட்துணியைக் கொண்டு தம் சிறு மகனுக்காக டைனோசர் பொம்மை ஒன்றை அங்கேயே தைத்தார். இவர்களை நாம் பாராட்டுகிறோம், பாராட்டத்தான் வேண்டும்.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 1995-இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஓர் ஆசிரியர், மாணவர்கள் வெட்டிய காகித உருவத்தை வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அஞ்சலில் அனுப்பி, அது கண்ட இடங்களைப் பற்றிக் கடிதம் எழுதி வாங்கும் பழக்கத்தைத் தொடங்கினார். பல நாடுகளின் பள்ளிகள் அதைப் பின்பற்றின. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் பள்ளிகளில் படிக்கும் எத்தனையோ குழந்தைகளின் தகப்பன்மார் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். விடுப்பு முடிந்து அப்பா திரும்பும்போது, பிள்ளை தன் கையால் செய்த ஒரு துணிப்பொம்மையைப் பெட்டியில் வைத்து அனுப்பட்டும். அப்பா தான் தங்கும் அறையிலும் வேலை பார்க்கும் இடத்திலும் அதை வைத்துப் படம் எடுத்து அனுப்பட்டும். அந்தப் பிள்ளையின் சமூக அறிவியல் வகுப்பில் மஸ்கட்டும் தோஹாவும் வெறும் வரைபடப் புள்ளிகளாக நிற்காது. ஆசிரியப் பெருமக்கள் இதை ஒரு வகுப்பிலாவது செய்துபார்க்க வேண்டும். விமான நிலையங்களில் சோதனை செய்வோரும், பயணி கையில் பொம்மையைக் கண்டால் அதைச் சோதித்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தால் போதும்.

எங்கள் எதிர்வீட்டுப் பையனின் தகப்பனார் அடுத்த மாதம் மஸ்கட் போகிறார். நான்காம் வகுப்புப் படிக்கும் அந்தப் பையன் ஓர் அணில் வெட்டி வைத்திருக்கிறான். முதுகில் மூன்று கோடு தைக்கத் தெரியவில்லை என்று என் மனைவியிடம் கொண்டு வந்து கொடுத்திருக்கிறான். இரண்டு கோடு முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.